உதிரிகளிலிருந்து ஓர் ஊர்தி

கற்றல் நோக்கங்கள்

• ஒரு பொருளை உருவாக்கும் முறையை வரிசை பிறழாமல் விளக்கும் உரைநடையைப் படித்துப் பொருளுணர்தல்.
• அளவு விகிதக் கணக்கைத் தமிழில் சொல்லவும் எழுதவும் பழகுதல்.
• கைத்தொழில் சார்ந்த சொற்களை அறிந்து, அவற்றைச் சொந்த வாக்கியங்களில் அமைத்தல்.

நுழையுமுன்

பிளாஸ்டிக் பாகங்களைப் பொருத்திப் பழைய கார்களின் சிறு மாதிரிகளை உருவாக்குவது உலகெங்கும் உள்ள ஒரு பொழுதுபோக்கு. கணக்கு, வரலாறு, கைத்திறன் ஆகிய மூன்றும் அதில் ஒன்று சேர்கின்றன. சென்னையில் செய்யப்பட்ட ஒரு காரின் மாதிரியைக் கொண்டு, அந்தக் கலையை இப்பாடம் விளக்குகிறது.

உரைப்பகுதி

1. மலைச்சாலையும் ஜீப்பும்

ஏலப்பாறையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் சாலைகள் குறுகியவை. மேடும் பள்ளமும் நிறைந்தவை. குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் சாலையை விட்டு உட்புறம் திரும்பினால், பேருந்து செல்லாத லயங்கள் பல உள்ளன. அங்கெல்லாம் ஜீப்பு செல்லும். தமிழகத்திலிருந்து தோட்டவேலைக்கு வந்து, தலைமுறைகளாக இம்மலையில் வாழும் குடும்பங்களுக்கு ஜீப்பே அன்றாடத் துணை. அரிசி மூட்டையும் நோயாளியும் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் ஏறுகின்றனர்.

அந்த ஜீப்பின் முன்னோர் இந்தியாவுக்கு முழு ஊர்தியாக வரவில்லை. 1940களின் இறுதியில், அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் செய்த ஜீப்பின் பாகங்கள், பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பல் வழியே பம்பாய்க்கு வந்தன. மசகான் பகுதியில் மகிந்திரா நிறுவனத்தார் அவற்றைப் பொருத்தி ஊர்தியாக்கினர். காலப்போக்கில் அப்பாகங்களையும் அவர்களே இந்தியாவில் செய்யத் தொடங்கினர்.

பிறர் செய்த பாகங்களைப் பொருத்துவது ஒரு திறன். பாகத்தையே செய்வது அதற்கு அடுத்த திறன். முதலாவதில் தேர்ந்தவருக்கே இரண்டாவது கைகூடும். இந்த உண்மையை ஒரு மேசையின்மீது, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய காரைக்கொண்டு கற்றுக்கொள்ளலாம்.

2. சென்னையின் ஹெரால்டு

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் என்னும் நிறுவனம் இருந்தது. அது 1959இல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற சிறிய காரை வெளியிட்டது. அதன் வடிவத்தை அமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. அக்காலத்தில் பல நிறுவனங்கள் காரின் உடலையும் அடிப்பகுதியையும் ஒரே கூடாக இணைத்துச் செய்யத் தொடங்கியிருந்தன. ஹெரால்டோ தனி அடிச்சட்டத்தின்மேல் எழுந்தது. அதன் உடற்பகுதி பல துண்டுகளாகச் செய்யப்பட்டுத் திருகாணிகளால் பிணைக்கப்பட்டது.

இதற்குத் தக்க காரணம் இருந்தது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தரும் தொழிற்சாலை அந்நிறுவனத்துக்குக் கிட்டவில்லை. எனவே வெவ்வேறு இடங்களில் துண்டுகளைச் செய்வித்து ஒன்றுசேர்க்க வேண்டியதாயிற்று. கட்டாயத்தால் வந்த இந்த அமைப்பு பின்னர் நன்மையாகவும் முடிந்தது. துண்டுகளாகப் பிரியும் காரைப் பெட்டியில் அடைத்துத் தொலைநாடுகளுக்கு அனுப்புவது எளிது அல்லவா?

அவ்வாறு ஹெரால்டு வந்து சேர்ந்த ஊர்களுள் ஒன்று சென்னை. 1948இல் தொடங்கப்பட்ட 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்னும் நிறுவனத்தின் தொழிற்சாலை, சென்னைக்குத் தெற்கே வண்டலூர் அருகே அமைந்திருந்தது. அது முதலில் 'வேன்கார்டு' கார்களைப் பொருத்தி விற்றது. இந்தியாவில் கார் நிறுவனங்கள் பாகங்களை இறக்குமதி செய்து பொருத்துவதோடு நில்லாமல், படிப்படியாக அவற்றை இங்கேயே செய்யவேண்டும் என்ற கொள்கையை 1950களில் அரசு வகுத்தது. வெறுமனே பொருத்தி விற்றுவந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய பெருநிறுவனங்கள் அப்போது இந்தியாவை விட்டு வெளியேறின. சென்னை நிறுவனம் பாகங்களைச் செய்யும் திட்டத்தை ஏற்று நிலைத்தது.

1961 முதல் அங்கு 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' செய்யப்பட்டது. ஆண்டுதோறும் அதில் உள்நாட்டுப் பாகங்கள் பெருகின. பின்னர் அக்காருக்கு நான்கு கதவுகள் அமைந்தன. இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டுக்கு இரண்டு கதவுகளே இருந்தன. குடும்பத்தோடு பயணம் செய்யும் இந்தியர் பின்னிருக்கையில் எளிதாக ஏறி இறங்க நான்கு கதவுகள் தேவைப்பட்டன. பொருத்தக் கற்ற தொழிற்சாலை, தன் மக்களின் தேவையறிந்து மாற்றவும் கற்றது. 1972இல் அது 'கெசல்' என்ற காரை வெளியிட்டது. 1980களின் இறுதியில் அங்குக் கார் உற்பத்தி நின்றுபோயிற்று. இன்று ஹெரால்டைச் சாலையில் காண்பது அரிது.

3. சிறியதாக்கும் கணக்கு

சாலையில் அரிதாகிவிட்ட ஹெரால்டை மேசைமேல் காணலாம். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், டிரையம்ப் ஹெரால்டின் பிளாஸ்டிக் உதிரித் தொகுப்பை 1:32 என்ற விகிதத்தில் வெளியிட்டது. உண்மையான காரில் 32 மில்லிமீட்டர் நீளமுள்ள எப்பகுதியும் மாதிரியில் 1 மில்லிமீட்டர் ஆகும் என்பதே இவ்விகிதத்தின் பொருள்.

ஹெரால்டின் அளவுகளும் மாதிரியின் அளவுகளும் (மில்லிமீட்டரில், தோராயமாக):

நீளம்: 3,886 — மாதிரியில் 121.4
அகலம்: 1,524 — மாதிரியில் 47.6
உயரம்: 1,321 — மாதிரியில் 41.3
முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தொலைவு: 2,324 — மாதிரியில் 72.6

நீளத்தை 32ஆல் வகுத்தால் போதும். எடைக்கு அக்கணக்குப் பொருந்தாது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் 32 மடங்கு குறைவதால், கன அளவு 32 × 32 × 32 = 32,768 மடங்கு குறைகிறது. ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள ஹெரால்டை அதே இரும்பையும் கண்ணாடியையும் கொண்டு இவ்விகிதத்தில் செய்தால், அதன் எடை 24 கிராம் அளவே இருக்கும்.

எல்லாவற்றையும் விகிதப்படி சிறிதாக்க இயலாது என்பதையும் அறிய வேண்டும். காரின் இரும்புத் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்புடையது. அதை 32ஆல் வகுத்தால் தலைமயிரைவிட மெல்லியதாகிவிடும்; தொட்டவுடன் நசுங்கும். ஆகவே மாதிரியின் சுவர் விகிதத்துக்கு மிகுந்த தடிப்போடு செய்யப்படுகிறது. எதைத் துல்லியமாகக் காட்டவேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்வதும் மாதிரிக் கலையின் ஒரு பகுதியாகும்.

4. பெட்டிக்குள் இருப்பது

ஏர்ஃபிக்ஸுக்கும் ஸ்டாண்டர்டுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ஏர்ஃபிக்ஸின் முதல் உதிரித் தொகுப்பு, 1949இல் வெளிவந்த ஃபெர்குசன் டிராக்டரின் மாதிரி. அந்த டிராக்டர்களைக் கவென்ட்ரியில் செய்து கொடுத்ததோ ஸ்டாண்டர்டு நிறுவனம். டிராக்டர் விற்பனைக்கான விளம்பரப் பொருளாகவே அம்மாதிரி முதலில் செய்யப்பட்டது. பொருத்தி முடித்த மாதிரியாக விற்பதைவிட உதிரிகளாக விற்றால் செலவு குறையும் என்பதால் அது தொகுப்பாகக் கடைக்கு வந்தது.

பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்துவர். அது அச்சின் நுண்ணிய பள்ளங்களிலும் நிறைந்து, குளிர்ந்து இறுகும். உருகிய பிளாஸ்டிக் ஓடிய வழிகளும் இறுகிச் சட்டம்போல் நிற்கும். பலாச்சுளைகள் தண்டில் ஒட்டியிருப்பதுபோல் பாகங்கள் அச்சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணின்படி எதை எதனோடு சேர்ப்பது என்பதைப் படத்தாள் காட்டும்.

5. உருவாக்கும் முறை

முதலில் படத்தாளைத் தொடக்கம் முதல் இறுதிவரை படித்துவிட வேண்டும். கையை விரைவுபடுத்தும் ஆர்வம் வேலையைக் கெடுக்கும். அடுத்து, பாகங்களைச் சட்டத்தோடு சேர்த்துச் சோப்பு கலந்த நீரில் கழுவி உலர்த்த வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை எஞ்சியிருந்தால் வண்ணம் பிடிக்காது.

பின்னர், அப்போதைக்கு வேண்டிய பாகங்களை மட்டும் சிறு வெட்டுக்குறட்டால் பிரிக்க வேண்டும். அனைத்தையும் ஒரே நேரத்தில் பிரித்தால் எண்களின் துணை போய்விடும். வெட்டிய இடத்தில் எஞ்சும் முனையை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூள் காற்றில் பறக்காது. கத்தியைக் கையாளும் வேலைகளில் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

அடுத்த படியே மிக முக்கியமானது: ஒட்டுமுன் பொருத்திப் பார்த்தல். இதற்குப் பயன்படும் பசை, காகிதப் பசையைப் போன்றதன்று. அது பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைக் கரைக்கிறது. கரைந்த இரு பரப்புகளும் ஒன்றோடொன்று கலக்கின்றன. பசையிலுள்ள நீர்மம் ஆவியானதும் இரு பாகங்களும் ஒரே பாகமாகிவிடும். இணைந்தபின் பிரித்தால் உடையும். ஆதலால் பசையில்லாமல் இருமுறை பொருத்திப் பார்த்து, இடைவெளி இருப்பின் தேய்த்துச் சரிசெய்து, அதன்பின்னரே ஒட்டுவது முறை. சிறு பாகங்களை இடுக்கியால் பற்றிப் பொருத்தலாம். பசையின் ஆவியை முகரலாகாது. சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே பணிசெய்ய வேண்டும்.

பொதுவாக அடிச்சட்டம், அச்சுகள், இருக்கைகள், உடல் என்ற வரிசையில் வேலை நடக்கும். உடலை மூடியபின் உட்புறத்தைத் தொட இயலாது. அதனால் இருக்கைகளுக்கும் திசைமாற்றிக்கும் முன்னரே வண்ணம் தீட்டிவிட வேண்டும். கண்ணாடிப் பாகங்களுக்குப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் பசையோ நொடியில் ஒட்டும் பசையோ ஆகாது. அவை கண்ணாடியை மங்கச்செய்யும். மரவேலைக்குரிய வெள்ளைப் பசை போதும். அது உலர்ந்தால் நிறமற்றதாகிவிடும்.

வண்ணம் தீட்டுவதில் மலைநாட்டு மாணவருக்குத் தனிக் கவனம் தேவை. ஏலப்பாறையில் தென்மேற்குப் பருவமழையின்போது பகலிலும் மூடுபனி இறங்கும். ஈரக்காற்றில் சிலவகை வண்ணங்களைத் தெளித்தால் மேற்பரப்பு வெண்மையாக மங்கிவிடும், உலரவும் நெடுநேரமாகும். எனவே மழைக்காலத்தில் பாகங்களைத் தேய்த்துப் பொருத்தும் வேலைகளை வைத்துக்கொண்டு, வெயிலுள்ள நாள்களில் வண்ணவேலையைச் செய்வது நன்று. ஒரே தடிப்பான பூச்சைவிட, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாகத் தரும் மெல்லிய பூச்சுகளே சிறந்தவை. தடித்த பூச்சு கதவுக்கோடுகளை மூடிவிடும்.

6. நான்கு கதவுகள்

படத்தாளின்படி செய்து முடித்தால் கிடைப்பது இங்கிலாந்தின் இருகதவு ஹெரால்டு. சென்னையின் நான்கு கதவு ஹெரால்டு வேண்டுமென்றால் படத்தாள் உதவாது. இங்கேதான் பொருத்துபவர் படைப்பவராகிறார்.

முதலில் உண்மையான காரை நேர்ப்பக்கமாக எடுத்த நிழற்படம் ஒன்று தேவை. அப்படத்தில் இரு அச்சுகளுக்கு இடையிலுள்ள தொலைவு 83 மில்லிமீட்டர் என்று கொள்வோம். உண்மைத் தொலைவு 2,324 மில்லிமீட்டர். ஆகவே படத்தின் 1 மில்லிமீட்டர், உண்மையில் 28 மில்லிமீட்டர் ஆகும். படத்தில் ஒரு கதவின் அகலம் 24 மில்லிமீட்டர் இருந்தால், உண்மை அகலம் 672 மில்லிமீட்டர். அதை 32ஆல் வகுத்தால் 21. மாதிரியில் அக்கதவு 21 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும். தெரிந்த ஓர் அளவிலிருந்து தெரியாத அளவுகளை இவ்வாறு கண்டறியலாம்.

அடுத்து, பழைய கதவுக்கோட்டைப் பட்டியால் அடைத்து, உலர்ந்தபின் தேய்த்து மறைக்க வேண்டும். புதிய கோடுகளை எஃகு அளவுகோலின் ஓரத்தில் ஊசிமுனையை வைத்து, மெதுவாகப் பலமுறை கீற வேண்டும். ஒரே முறையில் அழுத்திக் கீறினால் முனை வழுக்கி உடலைக் கெடுக்கும். சன்னல்களுக்கு இடையிலான தூணை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டிலிருந்தும், கைப்பிடிகளை மெல்லிய கம்பியிலிருந்தும் செய்துகொள்ளலாம். அந்தப் பாகங்களுக்கு எண் இல்லை. அவை எந்தப் பெட்டியிலும் வரவில்லை. அளந்தவரின் கணக்கும் கையுமே அவற்றைத் தந்தன.

வண்டலூர்த் தொழிற்சாலை கடந்த பாதையும் இதுவே. அது முதலில் பிறர் வகுத்தபடி பொருத்தியது. பிறகு பாகங்களைத் தானே செய்தது. அதன்பின் தன் நாட்டாருக்கு ஏற்றவாறு வடிவத்தை மாற்றியது. ஒரு தொழில் ஒரு நாட்டில் வேரூன்றுவது இப்படிகளின் வழியேதான். படத்தாளை ஒழுங்காகப் பின்பற்றக் கற்ற கைக்கே, படத்தாள் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் துணிவு வாய்க்கிறது.

சொற்பொருள்

உதிரி — தனித்தனியான பாகம்
லயம் — தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்
விகிதம் — இரு அளவுகளுக்கு இடையிலான ஒப்பீடு
அடிச்சட்டம் — ஊர்தியின் எடையைத் தாங்கும் கீழ்ச்சட்டம்
திசைமாற்றி — ஊர்தியைத் திருப்ப உதவும் கைவளையம்
அரம் — தேய்க்கும் எஃகுக் கருவி
உப்புத்தாள் — தேய்த்து வழவழப்பாக்கும் சொரசொரப்பான தாள்
பட்டி — வெடிப்பையும் பள்ளத்தையும் அடைக்கும் பூச்சு
மகிழுந்து — கார்

அறிந்துகொள்க

'இடுக்கு' என்றால் குறுகிய இடைவெளி. சிறு பொருளை இடுக்கிப் பிடிக்கும் கருவி இடுக்கி எனப்பட்டது. இரு மலைகளுக்கு இடையே ஆறு பாயும் குறுகிய இடைவெளியால் இடுக்கி என்ற ஊரும் பெயர்பெற்றது. கருவியின் பெயரும் மாவட்டத்தின் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

பயிற்சிகள்

அ. ஓரிரு வாக்கியங்களில் விடை எழுதுக.
1. ஹெரால்டின் உடல் பல துண்டுகளாகச் செய்யப்பட்டதன் காரணம் யாது?
2. 1:32 என்ற விகிதத்தின் பொருள் என்ன?
3. இருக்கைகளுக்கு முன்னரே வண்ணம் தீட்டவேண்டியது ஏன்?
4. கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளைப் பசை ஏற்றதாவது எவ்வாறு?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. 'ஒட்டுமுன் பொருத்திப் பார்' என்ற அறிவுரை மாதிரிக் கலைக்கு மட்டுமே உரியதா? வேறொரு தொழிலிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.
2. பொருத்துதல், செய்தல், மாற்றுதல் ஆகிய மூன்று படிகளையும் வண்டலூர்த் தொழிற்சாலையின் வரலாற்றைக் கொண்டு விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
எடுத்துக்காட்டு: ஏலப்பாறை = ஏலம் + பாறை
1. மலைச்சாலை 2. அடிச்சட்டம் 3. உப்புத்தாள் 4. பருவமழை

ஈ. செயப்பாட்டு வினையாக மாற்றுக.
எடுத்துக்காட்டு: தொழிலாளர் காரைச் செய்தனர் — தொழிலாளரால் கார் செய்யப்பட்டது.
1. மாணவி பாகங்களைக் கழுவினாள்.
2. நிறுவனம் புதிய காரை வெளியிட்டது.
3. அவன் பழைய கோட்டை மறைத்தான்.

உ. கணக்கிடுக.
1. ஹெரால்டு முழு வட்டமாகத் திரும்ப ஏறத்தாழ 7.6 மீட்டர் விட்டமுள்ள இடம் போதும். 1:32 மாதிரியில் அவ்வட்டத்தின் விட்டம் எத்தனை சென்டிமீட்டர்?
2. ஒரு நிழற்படத்தில் 1 மில்லிமீட்டர், உண்மையில் 28 மில்லிமீட்டர் ஆகும். படத்தில் 8 மில்லிமீட்டர் உள்ள விளக்கு, 1:32 மாதிரியில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்?

ஊ. செயல்பாடு
நிறுத்திவைக்கப்பட்டுள்ள ஜீப்பு ஒன்றை, ஓட்டுநரின் இசைவு பெற்று, இருவராகச் சேர்ந்து அளந்திடுக. அதன் நீளம், அகலம், உயரம், அச்சுகளுக்கு இடையிலுள்ள தொலைவு ஆகியவற்றை 32ஆல் வகுத்து, அட்டையில் பக்கத்தோற்றத்தை வரைந்து வெட்டுக. ஜீப்பின் பாகங்களை ஓட்டுநர் எந்தப் பெயர்களால் குறிப்பிடுகிறார் என்று கேட்டு, அவற்றுள் பத்துச் சொற்களைப் பொருளோடு எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.